நெருப்புக்குச்சி இல்லாமல் பற்றும் நெருப்பு



இம்மாதம் ஒரு சகோதரியின் கடிதத்தோடு ஆரம்பிக்கிறேன். அவருடைய மகன் எட்டாம் தரத்தில் படிக்கிறான். வீட்டு வேன் பழுதாகி கராஜுக்குப் போனபோது வாப்பாவுடன் அவனும் போயிருக்கிறான். அங்கே ஒரு மோட்டார் சைக்கிளின் பிளக்கைக் கழற்றித் துடைப்பதைப் பார்த்துவிட்டு, "எங்கட வேனுக்கு எத்தனை பிளக்?" என்று கேட்டிருக்கிறான். "இது டீசல் வேன் மகன், இதுக்குப் பிளக் இல்லை" என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் பையன் உம்மாவைப் பிடித்துக்கொண்டான். "பிளக் இல்லாட்டி எப்படி உம்மா நெருப்புப் பத்தும்?"

"வாப்பாக்கிட்டக் கேள் மகன்" என்று உம்மா சொல்ல, "அது அப்படித்தான்" என்று வாப்பா சொல்ல, விஷயம் அத்தோடு முடிந்துவிட்டது. ஆனால் அந்தச் சகோதரிக்கு மனம் கேட்கவில்லை. "இது பெண்கள் படிக்கும் பக்கத்துக்குப் பொருத்தமான கேள்வியா தெரியாது. பொருத்தமென்றால் எழுதுங்கள்" என்று முடித்திருக்கிறார்.

பொருத்தமான கேள்விதான், சகோதரி. இதற்கான விடை கராஜில் இருப்பதைவிட அதிகமாக நமது குசினியில் இருக்கிறது. விடையைச் சரியாக விளங்கிக்கொண்டவர், வீட்டைக் கொளுத்தக்கூடிய சில தவறுகளைச் செய்யமாட்டார். ஆகவே பொறுமையாக, படிப்படியாகப் பார்ப்போம்.

தீப் பிடிக்க என்ன வேண்டும்?

மூன்று பொருத்தங்கள் கூடிவந்தால்தான் தீப் பிடிக்கும். எரியக்கூடிய ஒரு பொருள் வேண்டும். காற்றிலுள்ள ஒட்சிசன் வேண்டும். போதுமான சூடு வேண்டும். இதில் ஒன்றை எடுத்துவிட்டால் நெருப்பு அணைந்துவிடும்.

நெருப்புக்குச்சி இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். குச்சி செய்யும் வேலை, ஒரு சிறிய இடத்துக்குச் சூட்டைக் கொண்டுவந்து கொடுப்பது மட்டும்தான். அந்தச் சூடு வேறு வழியில் கிடைத்துவிட்டால் குச்சிக்கு வேலையே இல்லை.

இதற்கு நமது தாச்சியே சாட்சி. மீன் பொரிக்க எண்ணெயை அடுப்பில் வைத்துவிட்டு, வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று போய்விடுகிறோம். முதலில் எண்ணெயிலிருந்து மெல்லிய புகை எழும். அதையும் கவனிக்காமல் விட்டால் சூடு ஏறிக்கொண்டே போய், ஏறத்தாழ 350 பாகை செல்சியஸையும் தாண்டும்போது, அடுப்புத் தீ எண்ணெயைத் தொடாமலேயே தாச்சி முழுவதும் குப்பென்று பற்றிக்கொள்ளும். யாரும் பற்றவைக்கவில்லை. எண்ணெயே தானாகப் பற்றிக்கொண்டது.

எரியக்கூடிய ஒவ்வொரு பொருளுக்கும் இப்படி ஒரு வெப்பநிலை உண்டு. அந்த எல்லையைத் தாண்டினால் தீப்பொறியே இல்லாமல் அது தானாகப் பற்றும். டீசலுக்கு அந்த எல்லை 200 பாகையைச் சற்றுத் தாண்டிய இடத்தில் இருக்கிறது. சமையல் எண்ணெயைவிட மிகக் குறைவு!

டீசல் எஞ்சினின் இரகசியத்தில் பாதி இதுதான். டீசலுக்குப் போதுமான சூட்டைக் கொடுத்தால் அது தானாகப் பற்றும். அப்படியானால் எஞ்சினுக்குள்ளே அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? அங்கே அடுப்பு இல்லையே?

காற்றே அடுப்பாகிறது

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் கைப்பம்ப் ஒன்று வீட்டில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். காற்று வெளியேறும் துவாரத்தை விரலால் இறுக்கமாக அடைத்துக்கொண்டு, பத்துப் பதினைந்து முறை வேகமாக அடியுங்கள். பிறகு பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடாக இருக்கும். உராய்வினால்தான் சூடானது என்று பலர் நினைப்பார்கள். உராய்வுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. ஆனால் முக்கியமான காரணம் வேறு. உள்ளே இருந்த காற்றை நீங்கள் அமுக்கினீர்கள். அமுக்கப்பட்ட காற்று சூடாகும்.

ஏன் சூடாகிறது? நமது பிள்ளைகளுக்குத்தான் கிரிக்கெட் நன்றாகத் தெரியுமே, அதைக் கொண்டே சொல்வோம். அசையாமல் பிடித்த மட்டையில் பந்து பட்டால் அது சாதாரணமாகத் திரும்பிப் போகும். மட்டையை முன்னால் வீசி அடித்தாலோ, பந்து வந்ததைவிட வேகமாகப் பறக்கும். காற்று என்பது கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி துணிக்கைகள் இடைவிடாமல் ஓடித் திரிவது. பம்பின் தட்டு முன்னால் பாய்ந்து வரும்போது, அதில் மோதும் ஒவ்வொரு துணிக்கையும் அடிபட்ட பந்தைப்போல முன்னையைவிட வேகமாகத் திரும்புகிறது. துணிக்கைகளின் வேகம் கூடுவதைத்தான் நாம் சூடு என்கிறோம். நமது கை செலவழித்த பலம் காற்றுக்குள் சூடாகப் போய்ச் சேர்கிறது.

இதில் வேகம் முக்கியம். மெதுவாக அமுக்கினால், உண்டாகும் சூடு பம்பின் உலோகத்தின் வழியே வெளியே கசிந்துவிடும். சடுதியாக அமுக்கினால் சூடு தப்பிப்போக நேரமிருக்காது.

மலாய் மக்களின் நெருப்புக் குழாய்

இந்த உண்மையைத் தென்கிழக்காசிய மக்கள் எஞ்சின்கள் வருவதற்கு முன்பே கையாண்டிருக்கிறார்கள். மலாய்த் தீவுகளிலும் பர்மாவிலும் பிலிப்பைன்ஸிலும் வழக்கிலிருந்த ஒரு சின்னஞ்சிறு கருவி உண்டு. மரத்தினாலோ, மூங்கிலினாலோ, கொம்பினாலோ செய்த ஒரு குழாய். அதன் ஒரு முனை மூடியிருக்கும். குழாய்க்குள் இறுக்கமாகப் பொருந்தும் ஒரு தண்டு. தண்டின் நுனியிலுள்ள சிறு குழியில் பஞ்சு போன்ற, இலகுவில் பற்றக்கூடிய பொருளை வைப்பார்கள். தண்டைக் குழாயில் நுழைத்து, உள்ளங்கையால் ஓங்கி ஒரே அடி! உடனே வெளியே இழுத்தால் பஞ்சில் கங்கு கனிந்துகொண்டிருக்கும். சிக்கிமுக்கிக் கல்லும் இல்லை, குச்சியும் இல்லை. அந்த ஒரு கணத்தில் குழாய்க்குள் அமுக்கப்பட்ட காற்றின் சூடே பஞ்சைப் பற்றவைத்தது.

அந்தக் குழாயைப் பெரிதாக இரும்பில் செய்து, பஞ்சுக்குப் பதிலாக எண்ணெயைத் தெளித்து, ஒருமுறைக்குப் பதிலாக நிமிடத்துக்கு ஆயிரம் முறை அடித்தால் அதுதான் டீசல் எஞ்சின்.

எஞ்சினுக்குள்ளே நான்கு அடிகள்

எஞ்சினின் உள்ளே கனமான இரும்பு உருளை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் மேலும் கீழுமாக ஓடும் பிஸ்டன், பம்பின் தண்டு மாதிரி. வேன், லொறி, பஸ் ஆகியவற்றின் எஞ்சின் நான்கு அடிகளில் வேலை செய்கிறது.

முதலாவது அடியில் பிஸ்டன் கீழே இறங்கும். வால்வு திறந்து வெளிக்காற்று உள்ளே வரும். வருவது வெறும் காற்று மட்டுமே, ஒரு துளி டீசலும் அதில் இல்லை. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது அடியில் வால்வுகள் மூடிக்கொள்ள, பிஸ்டன் மேலே ஏறிக் காற்றை அமுக்கும். உருளை நிறைய இருந்த காற்று, ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்கு முதல் இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் ஒடுங்குகிறது. அந்த நேரத்தில் காற்றின் சூடு 500 முதல் 700 பாகை வரை ஏறிவிடும். டீசல் பற்றுவதற்கு 200 பாகையைத் தாண்டினாலே போதும் என்று பார்த்தோமல்லவா? அதைப்போல இரண்டு மூன்று மடங்கு சூடு, அடுப்பில்லாமலே தயாராகிவிட்டது.

பிஸ்டன் உச்சியை நெருங்கும் அந்தக் கணத்தில்தான், முடியளவு நுண்ணிய துவாரங்கள் கொண்ட ஒரு குழல் வழியாக டீசல் உள்ளே பீச்சப்படுகிறது. இந்தக் குழலுக்கு இன்ஜெக்டர் என்று பெயர். வாசனைத் திரவியப் போத்தலை அமுக்கினால் பனிபோல் வருமே, அதைவிட நுண்ணிய பனியாக டீசல் உள்ளே பாய்கிறது. இன்றைய எஞ்சின்களில் இப்படிப் பீச்சும் அமுக்கம், கார் ரயரில் உள்ள காற்றமுக்கத்தைப்போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. சூடான காற்றில் பட்டதும் அந்தப் பனி ஆவியாகித் தானாகப் பற்றிக்கொள்கிறது. எரியும் வாயு விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. வண்டியை ஓட்டும் பலம் இதுதான். இது மூன்றாவது அடி.

நான்காவது அடியில் பிஸ்டன் மறுபடி மேலே வந்து, எரிந்த புகையை வெளியே தள்ளும். பிறகு மீண்டும் முதலாவது அடி. நிமிடத்துக்கு 2000 சுற்றுச் சுற்றும் எஞ்சினில் ஒவ்வோர் உருளையிலும் நிமிடத்துக்கு 1000 தடவை இது நடக்கிறது. ஆயிரம் தடவையும் குச்சியில்லாமல் நெருப்புப் பற்றுகிறது.

பெற்றோலுக்கு மட்டும் ஏன் பிளக்?

இங்கே ஒரு விசித்திரம் உண்டு. பெற்றோல்தான் எளிதில் தீப்பிடிக்கும் என்று நமக்கெல்லாம் தெரியும். அப்படியானால் பெற்றோலல்லவா பிளக் இல்லாமல் எரிய வேண்டும்?

எளிதில் தீப்பிடிப்பது என்பதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, வெளியிலிருந்து ஒரு சுடரோ பொறியோ பட்டதும் பற்றுவது. மற்றது, எந்தச் சுடரும் படாமல் சூட்டினால் மட்டும் பற்றுவது. முதலாவதில் பெற்றோல் முந்திவிடும். பனிக்கட்டியைவிடக் குளிரான நிலையிலும், அதாவது பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 பாகையிலும்கூட, பற்றக்கூடிய அளவுக்கு அதிலிருந்து ஆவி எழும்பும். டீசலோ ஏறக்குறைய 55 பாகைக்குச் சூடானால்தான் அந்த அளவு ஆவியை விடும். ஆனால் இரண்டாவதில் டீசல்தான் முந்துகிறது. சுடர் இல்லாமல் தானாகப் பற்ற, பெற்றோலுக்கு டீசலைவிடக் கூடுதல் சூடு தேவை.

சாதாரண பெற்றோல் எஞ்சினில் பெற்றோல் ஆவியும் காற்றும் கலந்த பிறகுதான் அமுக்கப்படுகின்றன. கூடுதலாக அமுக்கினால், உரிய நேரம் வருவதற்கு முன்பே அந்தக் கலவை தாறுமாறாக வெடித்து எஞ்சினைப் பாழாக்கும். எனவே அளவோடு அமுக்கிவிட்டு, சரியான கணத்தில் பிளக்கின் பொறியால் பற்றவைக்கிறார்கள். பெற்றோல் செட்டில் 92 ஒக்டேன், 95 ஒக்டேன் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அமுக்கும்போது தானாகப் பற்றிவிடாமல் பொறுத்திருக்கும் தன்மையின் அளவே அந்த எண். டீசலுக்கு இதற்கு நேர்மாறான குணம் வேண்டும். அது சூட்டைக் கண்டதும் தாமதமில்லாமல் பற்ற வேண்டும்.

டீசல் எஞ்சினில் அமுக்கப்படுவது வெறும் காற்றாகையால், எவ்வளவு அமுக்கினாலும் முன்கூட்டியே பற்றிக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. டீசல் உள்ளே நுழையும் நேரமே நெருப்புப் பற்றும் நேரம். பிளக் பார்க்கும் வேலையை இங்கே இன்ஜெக்டரும் சூடான காற்றும் பங்குபோட்டுக்கொள்கின்றன.

பனிக்கட்டி படித்தவர் நெருப்பைக் கண்டார்

எரிபொருளின் பெயர் ஒரு மனிதரின் பெயரிலிருந்து வந்தது. ருடோல்ப் டீசல் 1858இல் பரிஸ் நகரில் ஜேர்மனியப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1870இல் பிரான்சுக்கும் ஜேர்மனியருக்கும் யுத்தம் மூண்டபோது அந்தக் குடும்பம் பரிஸைவிட்டு இலண்டனுக்குப் போக நேர்ந்தது. பன்னிரண்டு வயதுப் பையனாக அவர் ஜேர்மனியிலுள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டுப் படித்தார். யுத்தத்தால் வீடு பெயர்ந்த பிள்ளையின் கதை நமக்குப் புதிதல்ல.

மியூனிக் நகரில் அவருக்குக் கற்பித்தவர் கார்ல் வொன் லிண்டே. குளிரூட்டும் இயந்திரங்களை அமைத்துப் புகழ்பெற்றவர் அவர். படிப்பு முடிந்ததும் டீசல் செய்த தொழிலும் அந்தப் பனிக்கட்டி இயந்திரங்களோடுதான். வாயுவை அமுக்கினால் சூடாகும், விரியவிட்டால் குளிரும் என்பது அந்தத் தொழிலின் அரிச்சுவடி. நமது வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம் சூடாக இருப்பதற்கும் இதே உண்மைதான் அடிப்படை.

அக்காலத்து நீராவி எஞ்சின்கள் நிலக்கரியின் சக்தியில் பெரும்பகுதியை வீணாக்கின. இதற்கு மாற்றுத் தேடிய டீசல், 1893இல் தமது யோசனைக்கு உரிமம் பெற்றார். அவ்வருடம் ஆகஸ்டில் முதல் எஞ்சினைச் சோதித்தபோது, எரிபொருள் பிளக் இல்லாமல் பற்றத்தான் செய்தது. ஆனால் அமுக்கம் அளக்கும் கருவி வெடித்துச் சிதறி, உயிருக்கே ஆபத்தாகிவிட்டது. 1894 பெப்ரவரியில் எஞ்சின் முதன்முறையாகத் தானாக ஓடியது. எவ்வளவு நேரம் தெரியுமா? ஒரே ஒரு நிமிடம்! மேலும் மூன்று வருட முயற்சிக்குப் பிறகு, 1897இல் நடந்த பரிசோதனையில், எரிபொருளின் சக்தியில் 26 சதவீதத்தை அது வேலையாக மாற்றியது. சாதாரண நீராவி எஞ்சின்கள் இதில் பாதியைக்கூட எட்டவில்லை. இன்றைய மிகப்பெரிய கப்பல் எஞ்சின்கள் ஏறத்தாழ 50 சதவீதத்தை எட்டிவிட்டன.

1900இல் பரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் எஞ்சின் எந்த எண்ணெயில் ஓடியது என்றால் ஆச்சரியப்படுவீர்கள். கச்சான் எண்ணெயில்! சமையல் எண்ணெய்க்கும் டீசலுக்கும் உள்ள உறவு அவ்வளவு நெருக்கமானது. அதற்காக இன்றைய வேனுக்குப் பொரித்த எண்ணெயை ஊற்றிவிடாதீர்கள். அதன் நுண்ணிய துவாரங்கள் அடைபட்டுப்போகும்.

நமது நாட்டோடும் இந்த எஞ்சினுக்கு நெடுநாள் உறவு உண்டு. 1954இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நமக்கு வழங்கிய டீசல் ரயில் எஞ்சின்களுக்கு ஒன்டாரியோ, அல்பேர்ட்டா என்று அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களே சூட்டப்பட்டன. வயலில் ஓடும் லேண்ட்மாஸ்டரும் டீசல்தான். கையால் சுழற்றி ஸ்டார்ட் பண்ணும் அத்தகைய சிறிய எஞ்சினை ஒருமுறை உற்றுப் பாருங்கள். முதலில் ஒரு சிறு நெம்பைத் தூக்கிவிடுவார்கள். அப்போது காற்று அமுக்கப்படாமல் தப்பிப்போவதால் சக்கரத்தை இலகுவாகச் சுழற்றலாம். நல்ல வேகம் பிடித்ததும் நெம்பை விட்டுவிடுவார்கள். காற்று அமுக்கப்பட்டதும் "டக்... டக்... டக்டக்டக்" என்று எஞ்சின் உயிர்பெறும். பற்றரியும் இல்லை, பிளக்கும் இல்லை. பையனுக்கு இதைக் காட்டினால் இந்தக் கட்டுரை முழுவதும் ஒரு நொடியில் விளங்கிவிடும்.

வேனில் சாவியைத் திருகியதும் சுருள்போன்ற ஒரு மஞ்சள் விளக்கு எரிந்து அணைவது ஏன் என்று கேட்பீர்கள். அது ஹீட்டர் பிளக்கின் அடையாளம். குளிர்ந்து கிடக்கும் எஞ்சினின் இரும்பு, அமுக்கிய காற்றின் சூட்டை உறிஞ்சிவிடும். அதனால் ஆரம்பத்தில் மட்டும் ஒரு சிறு கம்பியைப் பழுக்கவைத்து உதவி செய்கிறார்கள். அது பொறி பறக்கவிடுவதில்லை. விளக்கு அணையும்வரை பொறுத்து ஸ்டார்ட் பண்ணுவது எஞ்சினுக்கு நல்லது. நுவரெலியாக் குளிரில் இதன் அருமை தெரியும்.

இனி நமது வீட்டுக்கு வருவோம்

இவ்வளவையும் சொன்னது, கீழே வரும் மூன்று விஷயங்களுக்காகத்தான். தயவுசெய்து இந்தப் பகுதியை வீட்டிலுள்ள எல்லோருக்கும் வாசித்துக்காட்டுங்கள்.

முதலாவது, தாச்சியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஏன் என்பதை டீசல் எஞ்சினே நமக்குச் சொல்லித் தருகிறது. தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. அது எண்ணெய்க்கு அடியில் போய், கொதிக்கும் சூட்டில் கணப்பொழுதில் ஆவியாகி, ஏறத்தாழ 1700 மடங்கு விரியும். அந்த வேகத்தில் எரியும் எண்ணெயைப் பொடித்துளிகளாக மேலே எறியும். இன்ஜெக்டர் டீசலைப் பனியாகப் பீச்சுவது எதற்காக? காற்றோடு கலந்து கணத்தில் எரிவதற்காக. நாம் ஊற்றும் ஒரு கோப்பைத் தண்ணீர், தாச்சியை ஓர் இன்ஜெக்டராக மாற்றிவிடுகிறது. கூரைவரை எழும் தீப்பிழம்பு அப்படித்தான் உண்டாகிறது.

செய்ய வேண்டியது இதுதான்: கை எட்டுமானால் அடுப்பை அணையுங்கள். தாச்சியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். தாச்சியைவிடப் பெரிய உலோக மூடியொன்றைப் பக்கவாட்டிலிருந்து மெதுவாகத் தள்ளி மூடுங்கள். ஒட்சிசன் கிடைக்காமல் நெருப்பு அணையும். அணைந்துவிட்டது என்று உடனே மூடியைத் திறந்து பார்க்காதீர்கள். எண்ணெய் இன்னும் அந்தச் சூட்டில்தான் இருக்கும். காற்றுப் பட்டதும், குச்சியே இல்லாமல், மறுபடி பற்றிக்கொள்ளும். நன்றாக ஆறும்வரை விட்டுவிடுங்கள். நெருப்பு உங்கள் கையை மீறிவிட்டால், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியேறிவிடுங்கள். எல்லாவற்றையும்விட மேலானது, எண்ணெய் புகையத் தொடங்கியதுமே அடுப்பைக் குறைத்துவிடுவது. அடுப்பில் எண்ணெய் இருக்கும்போது அதைவிட்டு அகலாதீர்கள்.

இரண்டாவது, வீட்டுக்குள் பெற்றோல் வைக்காதீர்கள். 2022இல் எரிபொருளுக்காக இரவு பகலாக வரிசையில் நின்ற நாட்களை யாரும் மறந்திருக்கமாட்டோம். கிடைத்த பெற்றோலைக் கேன்களிலும் போத்தல்களிலும் நிரப்பி, குசினி மூலையிலும் கட்டிலுக்கு அடியிலும் வைத்த வீடுகள் எத்தனை! நமது வெயிலில் பெற்றோல் எந்நேரமும் ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. கண்ணுக்குத் தெரியாமல் நிலத்தோடு ஊர்ந்து, தூரத்தில் எரியும் அடுப்பையோ விளக்கையோ தேடிப்போகும். தேடிப்போன பாதையிலேயே நெருப்பு கேனுக்குத் திரும்பிவரும். விறகடுப்பைப் பற்றவைக்கவோ குப்பை எரிக்கவோ பெற்றோல் ஊற்றுவது உயிரோடு விளையாடும் வேலை. டீசல் அவ்வளவு சீக்கிரம் சுடருக்குப் பற்றாது என்பது உண்மையே. அதற்காக அது சாதுவான பொருள் என்று எண்ணிவிட வேண்டாம். துணியில் ஊறினாலும், சூடான இரும்பில் தெறித்தாலும் டீசலும் பற்றும். எந்த எரிபொருளையும் குடிநீர்ப் போத்தலில் ஊற்றி வைக்கவே வேண்டாம். பிள்ளைகள் தண்ணீரென்று எண்ணிக் குடித்துவிடுவார்கள்.

மூன்றாவது, இப்போது நமது சகோதரிகள் பலர் தாமே வாகனம் ஓட்டுகிறார்கள். பெற்றோல் செட்டில் தவறுதலாக டீசல் வேனுக்குப் பெற்றோலை அடித்துவிட்டால், சாவியைத் திருகவே திருகாதீர்கள். வண்டியைத் தள்ளி ஓரமாக்கி, தாங்கியை முழுமையாக வடித்துவிடச் சொல்லுங்கள். டீசலில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு, அதுவே பம்பையும் இன்ஜெக்டரையும் தேயாமல் காக்கிறது. பெற்றோலில் அந்தப் பசை இல்லை. ஸ்டார்ட் பண்ணிவிட்டால் சிறிய செலவு பெரிய செலவாகிவிடும். வேன் கரும்புகை கக்கினாலும் அசட்டையாக விட வேண்டாம். உள்ளே போகும் டீசலுக்குப் போதுமான காற்று கிடைக்கவில்லை என்பதன் அடையாளம் அது. காற்று வடியைத் துப்புரவாக்கி, இன்ஜெக்டரைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் உறுதிப்படுத்தியது. பாடசாலை வேன் வாசலில் நிற்கும்போது எஞ்சினை நிறுத்திவிடச் சொல்ல ஒவ்வோர் உம்மாவுக்கும் உரிமை இருக்கிறது.

கடிதம் எழுதிய சகோதரிக்கு

உங்கள் மகனிடம் இப்படிச் சொல்லுங்கள்: "மகன், டீசல் எஞ்சின் முதலில் காற்றை அமுக்கிச் சூடாக்கும். பிறகு அந்தச் சூட்டுக்குள்ளே டீசலைப் பனிமாதிரித் தெளிக்கும். அது தானாகப் பத்திக்கொள்ளும்." அவ்வளவுதான் விடை. சொல்லிவிட்டு ஒரு சைக்கிள் பம்பையும் கையில் கொடுங்கள். மற்றதை அவன் விரலே அவனுக்குச் சொல்லிக்கொடுக்கும்.

நாம் மூட்டுகின்ற நெருப்பைப் பற்றிச் சிந்திக்கும்படி ஸூரத்துல் வாகிஆவில் அல்லாஹு தஆலா நம்மைத் தூண்டுகிறான். தினமும் மூன்று வேளை அடுப்பு மூட்டும் நம்மைவிட அந்த நெருப்போடு நெருங்கிப் பழகுபவர் யார்? நமது சமையலுக்கு உதவுவதும், நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்க்கும் வண்டியை ஓட்டுவதும், கவனம் தப்பினால் ஒரு வீட்டைச் சாம்பலாக்குவதும் அதே நெருப்புத்தான். அதன் குணத்தை அறிந்து பயன்படுத்துவது அந்த நிஃமத்துக்கு நாம் செலுத்தும் நன்றி.

பிள்ளைகள் கேட்கும் கேள்விகளை இனிமேலும் எழுதி அனுப்புங்கள். "அது அப்படித்தான்" என்ற பதிலோடு எந்தப் பிள்ளையும் தூங்கப் போக வேண்டாம். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.